இடப்பக்கத்து வெள்ளை

நார்வே நாட்டு ஆகாயம் சதுர அங்குலம் நூற்றிருபது ரூபாய். கடலும் அதே விலை. மலை, பனி, தோணி, மரப்பாலம், நடுநிசியிலும் இறங்க மறுக்கும் வெயில், எல்லாவற்றுக்கும் ஒரே ரேட்தான். ஆகாயத்துக்கு ஒரு விலை, மலைக்கு ஒரு விலை என்று பிரித்துப் போட்டால், வாங்க வருகிறவன் எது மலிவோ அது தூக்கலாக இருக்கிற படமாகப் பார்த்துப் பொறுக்குவான். சுலோச்சனா அதற்கு இடம் கொடுக்கிறவள் இல்லை.

ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரம் விற்றவரின் மகள் அவள். குடத்தின் வாயைப் பார்க்கும் முன் அடியைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதைப் பத்து வயதில் கற்றாள். ஐம்பத்தைந்து வயதில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில், கீழே படங்களுக்கு பிரேம் போடும் கடையும் மாடியில் ஏசி போட்ட ஓர் அறையும் வைத்திருந்தாள். கீழே இருந்தால் அது கடை, மேலே ஏறினால் கேலரி. பதினெட்டுப் படி ஏறுவதற்குள் ஒரு படத்தின் விலை மூன்று மடங்காகிவிடும்.

ஓவியத்தை அங்குலக் கணக்கில் விற்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மனையைச் சதுர அடியில் வாங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அவர்களும். வரைந்தவருக்குப் பெயர் ஏற ஏற அங்குலத்தின் விலை ஏறும். லூயிஸ் மாஸ்டருக்கு நூற்றிருபது. அதில் பாதி அவருக்கு, பாதி சுலோச்சனாவுக்கு.

லூயிஸ் மாஸ்டர் சாந்தோமில் இருப்பவர். ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் டிராயிங் மாஸ்டர். மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றுவிட்டார். மகள் ஷில்பா நார்வேயின் வடகோடியில் மீன் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கு மனைவி ஜோனும் அவரும் போனார்கள். ஜோன் டீச்சருக்கு அங்கே குழந்தையைக் குளிப்பாட்டுவது, மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பது என்று மூன்று மாதமும் கை நிறைய வேலை. மாஸ்டருக்கு ஒரு வேலையும் இல்லை. சமையலறையில் நின்றால் துரத்தினார்கள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாகக் கடற்கரையில் போய் உட்கார்ந்தார். இரண்டு நோட்டு நிறையப் படங்களோடு ஊர் திரும்பினார். அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாகத் தனக்காக வரைய ஆரம்பித்தார்.

முதல் படத்தைப் பார்த்ததுமே சுலோச்சனா கணக்குப் போட்டுவிட்டாள். அடையாறிலிருந்து வந்த வைதேகி அதைவிட வேகமாகப் போட்டாள். கட்டடங்களுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கிறவள் அவள். கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்து ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அறை, பன்னிரண்டு படம், எல்லாம் முப்பத்தாறுக்கு இருபத்துநாலு. ஆவணியில் திறப்புவிழா.

"கடலைப் பார்த்த விடுதியில எதுக்கும்மா இன்னொரு கடல்?" என்று சுலோச்சனா கேட்டாள். பேரத்தில் கொஞ்சம் அலட்சியம் காட்டுவது அவள் வழக்கம்.

"இந்தக் கடல்ல வேர்க்குது ஆன்ட்டி. அந்தக் கடல்ல குளிருது. ரூமுக்குக் குளிர்தான் காசு," என்றாள் வைதேகி. இவளும் ஏதோ ஒரு கடைத்தெருவில்தான் வளர்ந்திருக்க வேண்டும் என்று சுலோச்சனா நினைத்துக்கொண்டாள்.

ஏற்பாடு எளிமையானது. கேன்வாஸ் சுலோச்சனாவின் கடையிலிருந்து போகும். மரச்சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடித்து, மேலே வெள்ளைப் பிரைமர் பூசிக் காயவைத்துக் கொடுப்பவர் உபைத் பாய். இருபது வருடமாகக் கடையில் இருப்பவர். பிரைமர் மஞ்சளடிக்காமல் இருக்க, வேட்டிக்குப் போடுவதுபோல அதில் ஒரு சொட்டு நீலம் விடுவார். அந்த வெள்ளை இந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. மாஸ்டர் அதன்மேல் வரைந்து அனுப்புவார், பாய் பிரேம் போடுவார், மாஸ்டருக்குக் கவரில் பணம் போகும்.

இரண்டு படம் அப்படி வந்து மாடியேறின. மூன்றாவதை மேஜைமேல் கிடத்தி அளவெடுத்துக்கொண்டிருந்த உபைத் பாய் கையை நிறுத்தினார்.

"அக்கா, இங்க வாயேன்."

"இன்னா பாய், கிழிஞ்சிருக்கா?"

"கிழியல. இந்த ஓரத்த தொட்டுப் பாரு."

படத்தில் ஒரு மலை, மலையடியில் கரும்பச்சைக் கடல். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குல அகலத்துக்குப் பனி. சுலோச்சனா விரலால் தடவினாள். மற்ற இடமெல்லாம் பெயிண்டின் மேடுபள்ளம் விரலில் தட்டியது. அந்த ஓரம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"இது அவரு போட்ட பனி இல்லக்கா. நான் அடிச்ச பிரைமர். என் நீலம் தெரியுது பாரு. மாஸ்டர் இங்க பிரஷ்ஷே வெக்கல."

பாத்திரக் கடைக்காரர் மகளுக்கு இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. எடையில் கைவைக்கிறார். பெயிண்ட் டியூப் என்ன விலை விற்கிறது! ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? சாதுவான மனிதர்கள் திருடும்போது இப்படித்தான், கொஞ்சமாக, ஓரமாகத் திருடுவார்கள். அதிலும் அந்த வெள்ளை அவளுடைய பிரைமர். அவளுடைய சரக்கை அவளுக்கே அங்குலம் அறுபது ரூபாய்க்கு விற்கிறார்.

"கேக்கலாமாக்கா?" என்றார் பாய்.

"கேக்காத. கேட்டா அடுத்த படத்துல பூசிட்டு, பூசினதுக்கு ரேட் ஏத்துவாரு. எவ்ளோ வரைஞ்சிருக்காரோ அவ்ளோவுக்குக் கொடுப்போம்."

அன்று ஒரு புது நோட்டு போட்டாள். படத்தின் எண், வந்த தேதி, வெள்ளை எத்தனை அங்குலம். ஓர் அங்குல அகலத்துக்கு இருபத்துநாலு அங்குல உயரம், அறுபதால் பெருக்கினால் ஆயிரத்து நானூற்று நாற்பது ரூபாய். அதைக் கழித்துக்கொண்டு கவரை ஒட்டினாள். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது அவர்மேல் இருந்த சந்தேகத்தை உறுதியாக்கியது. திருட்டு பிடிபட்டவன்தான் கழித்த காசைப் பற்றிப் பேசமாட்டான்.

நான்காவது படத்தில் வெள்ளை இரண்டு அங்குலம். ஐந்தாவதில் மூன்று. வைதேகி மாடியில் நின்று அதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனாள்.

"ஆன்ட்டி, இந்த வெள்ளைதான் ஆன்ட்டி படமே. இடதுபக்கமா ஒண்ணு மெதுவா வந்து எல்லாத்தையும் மூடற மாதிரி இருக்கு. அவர் கிட்ட இது நல்லாருக்குன்னு சொல்லிடாதீங்கோ. சொன்னா ஆர்ட்டிஸ்ட் அதையே நினைச்சுண்டு கெடுத்துடுவா."

சொல்லாமலிருக்க சுலோச்சனாவுக்கு வைதேகி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எது விற்கிறது என்பதைச் சரக்கு போடுகிறவனிடம் சொல்லும் வியாபாரி ரங்கநாதன் தெருவில் பிறந்ததில்லை. வாங்கும்போது வெள்ளைக்குக் காசு கழித்தாள், விற்கும்போது அதே வெள்ளைக்கு நூற்றிருபது போட்டாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு லாபம் அவள் பார்த்ததில்லை.

ஆறாவது படம், ஐந்து அங்குலம். ஏழாவது, ஏழு. எட்டாவது, பத்து.

எட்டாவது படத்தை மாஸ்டரே ஸ்கூட்டரின் பின்னால் கட்டி எடுத்து வந்தார். கடை வாசலில் இடது தோளைக் கதவு நிலையில் நன்றாக இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"முதலாளியம்மா, வாசலக் குறுக்கிட்டீங்களா? காசு சேரச் சேரக் கதவு சின்னதாகுது போல."

"வாசல் அப்படியேதான் இருக்கு மாஸ்டர். நார்வேல மீனாத் தின்னு நீங்கதான் அகலமாயிட்டீங்க."

சிரித்தார். அவருடைய வலது கன்னம் மழித்து மின்னியது. இடது கன்னத்தில் மூன்று நாள் நரைத்தாடி. வாசலில் ஸ்கூட்டரின் இடப்பக்கத்துத் தகடு நெடுக நசுங்கியிருந்ததை, அவர் கிளம்பும்போது, உபைத் பாய் பார்த்தார். அன்று மதியம் எட்டாவது படத்தை மேஜைமேல் திருப்பியபோது சுலோச்சனா ஓரத்தின்மேல் குனிந்தாள். வெள்ளை நேராக வெட்டியிருக்கவில்லை. பாதி தோணி இருந்தது. மீதித் தோணி இல்லை. பெயிண்டை மிச்சம் பிடிக்கிறவன் தோணியை முடித்துவிட்டுத்தான் மிச்சம் பிடிப்பான்.

ஜூலை முதல் வாரத்தில் ஒன்பதாவதை எடுத்துவர அவளே சாந்தோமுக்குப் போனாள். திறப்புவிழாவுக்கு ஏழு வாரம் இருந்தது, இன்னும் மூன்று படம் பாக்கி. கொஞ்சம் முடுக்கிவிட வேண்டும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

மாஸ்டர் முன்னறையில், கேன்வாஸைத் தாங்கும் ஈசல் பலகையின் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் நார்வே நோட்டு திறந்திருந்தது. நோட்டில் பென்சிலால் வரைந்த ஒரு துறை. வலதுபக்கம் பாலம், நடுவில் தண்ணீர், இடதுபக்கம் ஒரு மரவீடு, வீட்டு ஜன்னலில் விளக்கு. கேன்வாஸில் பாலம் இருந்தது, தண்ணீர் இருந்தது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் உபைத் பாயின் பிரைமர்.

"வீடு எங்க மாஸ்டர்?" என்றாள். வாய் தவறி வந்துவிட்டது.

"எந்த வீடு? சிவப்பு வீடா? அதான் போட்டிருக்கேனே."

"எங்க?"

அவர் பிரஷ்ஷின் பின்முனையால் தண்ணீரின் விளிம்பைக் காட்டினார். "தோ. இந்த ஜன்னலுக்கு மஞ்சள் கொண்டுவர ரெண்டு நாள் ஆச்சு. அந்த வீட்டுக் கிழவி தினம் என்னைப் பார்த்துக் கையாட்டுவா. அவளையும் போட்டுடலாமான்னு பார்க்கறேன். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, நல்லாத் தெரியும்."

சுலோச்சனா தள்ளி நின்று பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. அவர் அந்த வெள்ளையின் விளிம்பையே பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேரத்தில் பொய் சொல்லும் ஆயிரம் முகங்களை அவள் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தில் பொய்யே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஜோன் டீச்சர் சாப்பிடக் கூப்பிட்டார். இடியாப்பம், தேங்காய்ப்பால், ஒரு மீன் துண்டு. மாஸ்டர் தட்டின் வலது பாதியைத் துடைத்துவைத்த மாதிரி சாப்பிட்டார். இடது பாதியில் இடியாப்பமும் மீனும் அப்படியே இருந்தன.

"இன்னிக்கு மீன் வைக்கலையா ஜோன்?"

டீச்சர் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார். மாஸ்டர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். "அப்பறமா வைக்கறதுக்கு ஒளிச்சு வெச்சிருந்தியா?" என்று சிரித்தார்.

சமையலறையில் டீச்சர் குரலை இறக்கினார். "ஈஸ்டர் முடிஞ்சதுலேருந்து இப்படித்தான் பண்றாரு மேடம். தட்டத் திருப்பினாத்தான் மீதி தெரியுது. கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாங்க, ஒண்ணும் மாறல. இடது கால்ல செருப்பு இல்லாம கோயிலுக்கு வர்றாரு. பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம்னா, எனக்கு என்ன கொறைச்சல்னு கத்தறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. இப்பதான் ஒருத்தர் தன்னை மதிச்சு வேலை வாங்கறாங்கன்னு உங்க மேல அவருக்கு அவ்வளவு மரியாதை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வாரமே போயிடறோம்."

சுலோச்சனாவின் தலைக்குள் தட்டும் கேன்வாஸும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. அளவு கச்சிதமாக ஒத்துப்போயிற்று. இந்த மனிதர் அவளிடம் எதையும் திருடவில்லை. இவரிடமிருந்து எதுவோ திருடிக்கொண்டிருந்தது. அது எத்தனை அங்குலம் எடுத்திருக்கிறது என்று தேதி வாரியாக எழுதிவைத்திருப்பவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் மூன்று படம், ஏழு வாரம், வைதேகியிடம் வாங்கிய முன்பணம் எல்லாம் வந்து நின்றன. ஆஸ்பத்திரி என்று போனால் டெஸ்ட், ஓய்வு, பிரஷ்ஷைத் தொடக்கூடாது என்பார்கள். அரைகுறையாக ஒன்பது படத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு அறைக்கு என்ன செய்வது?

"மூணு படம்தான் டீச்சர் பாக்கி," என்றாள். "நடுவுல நிறுத்தினா மனசு ஒடிஞ்சிடுவாரு. முடிச்சுக் கொடுக்கட்டும். அப்புறம் நானே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். வயசான கண்ணுதானே, ஒரு மாசத்துல என்ன ஆயிடப் போகுது?"

ஜோன் டீச்சரின் முகத்தில் நிம்மதி பரவியது. அதைப் பார்க்க முடியாமல் சுலோச்சனா படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பெரிய கோயிலின் வெள்ளைக் கோபுரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கடையில் அளந்து பார்த்தாள். பதின்மூன்று அங்குலம்.

உபைத் பாய்க்கு எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னாக்கா பேசற நீ? மனுசனுக்கு தலைக்குள்ள ஏதோ ஆய்க்கினு கீது. இத வெச்சி மூணு படமா?"

"மூணே மூணு பாய்."

"எனக்கும் பொண்டாட்டி புள்ள கீதுக்கா. நாளைக்கு எனக்கு இப்டி ஒண்ணு ஆனா, நாலு பிரேம் முடிச்சுட்டுப் போ பாய்னு சொல்லுவியா?"

"உன் பிரேமை வேற எவனாவது போடுவான். அவரு படத்தை வேற எவன் போடுவான்?" என்றாள் சுலோச்சனா. நல்ல பதில் என்றுதான் அந்த நொடியில் தோன்றியது. மாஸ்டருக்கான மூன்று கேன்வாஸையும் பாய் பூசவில்லை. அவளே மாடியிலிருந்த பழைய கேன்வாஸ்களை அனுப்பினாள்.

தன் மனசுக்குச் சில சலுகைகள் செய்துகொண்டாள். மாஸ்டர் இனி ஸ்கூட்டரில் வரவேண்டாம், ஆட்டோ அனுப்புகிறேன் என்றாள். "முதலாளியம்மா திடீர்னு தர்மப்பிரபு ஆயிட்டாங்க," என்று அவர் கேலி செய்தார். பத்தாவது படத்துக்குப் பணம் கழிக்கவில்லை. முழுசாக ஐம்பத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது கவரில் வைத்தாள். ஆனால் அளப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. பதினேழு. அதற்கடுத்தது, இருபத்திரண்டு.

பதினோராவது படத்தை மாடியில் மாட்டிய பிறகு அவளுக்கு அந்த அறைக்குள் தனியாகப் போகப் பிடிக்கவில்லை. வரிசையாகப் பதினொரு நார்வே. சுவரில் வலமிருந்து இடமாக நடந்தால் பனி உருகி உலகம் திரும்பி வருவது போலிருக்கும். இடமிருந்து வலமாக நடந்தால் எதுவோ அவள் கூடவே நடந்து வந்து விளக்குபோல ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகும். மலை போயிற்று, தோணி போயிற்று, துறை போயிற்று. பதினோராவதில் ஒரு தூணும் அதன்மேல் ஒரு கடற்காகமும்தான் மிச்சம். காகத்துக்கு ஒரு சிறகு.

வைதேகி கைகளைக் கோத்துக்கொண்டு அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். "இதுதான் ரிசப்ஷன்ல," என்றாள். "கடைசிப் படம் இன்னும் வெறுமையா இருக்கும் இல்லையா ஆன்ட்டி?"

"இருக்கும்," என்றாள் சுலோச்சனா.

டீச்சர் இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை, ராத்திரி எழுந்தால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் வலப்பக்கமாகவே சுற்றுகிறார் என்றார். இரண்டாம் தடவை, தலைவலி என்று சுவரில் நெற்றியை முட்டிக்கொள்கிறார் என்றார். "இந்த வாரம் முடிச்சிடுவாரு டீச்சர்," என்று இரண்டு தடவையும் சுலோச்சனா சொன்னாள். பொய் இல்லை. அந்த வாரம்தான் முடித்தார்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ஆட்டோவில் பன்னிரண்டாவது படத்தோடு மாஸ்டரும் டீச்சரும் வந்து இறங்கினார்கள். மாஸ்டர் படத்தைத் தானே மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினார்.

முப்பத்தாறு அங்குலத்தில் வலது ஓரமாக ஏழு அங்குலம் வரைந்திருந்தது. கரும்பாறையும் அதில் மோதும் தண்ணீரும். அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் நல்ல தண்ணீர். மீதி எல்லாம் வெறும் பிரைமர்.

"இதுல எல்லாத்தையும் கொண்டுவந்துட்டேன்," என்றார் மாஸ்டர். "வீடு, கிழவி, தோணி, ஷில்பா வீட்டு முன்னாடி குழந்தை வண்டி. கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சோன்னுதான்…"

பேச்சு நின்றது. அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து உதறிக்கொண்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. யாருடைய கையோ ஆடுகிறது, தனக்கென்ன என்பது போல பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதறல் தோளுக்கு ஏறிற்று, முகத்துக்கு ஏறிற்று. உபைத் பாய் ஓடிவந்து தாங்குவதற்குள் மேஜையோடு சரிந்தார். டீச்சரின் "மாதாவே" என்ற அலறல் தெருவில் நின்ற ஆட்டோக்காரரை உள்ளே இழுத்தது.

அடையாறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். "கண்ல ஒரு கோளாறும் இல்லம்மா. மூளையில வலது பக்கம் பின்னாடி ஒரு கட்டி. அது இருக்கற இடம் அப்படி. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை விட்டுடும். தனக்குக் கொறையுதுன்னே அவருக்குத் தெரியாது. எப்பலேருந்து இப்படி?"

டீச்சர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஈஸ்டர் என்றார், இல்லை அதற்கும் முன்னால் என்றார். அழுகை வந்து தடுத்தது.

சுலோச்சனா கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். எண், தேதி, அங்குலம். "இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"அவருக்கு என்னன்னு தெரிஞ்சா எழுதினீங்க?"

"முதல்ல தெரியாது," என்றாள் சுலோச்சனா. அவர் "முதல்ல" என்ற சொல்லைக் கவனித்தார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் டீச்சரின் அழுகை நின்றதும் தெரிந்தது.

"ஜூலை மாசமே வந்திருந்தா?" சுலோச்சனாவே கேட்டாள். "எவ்வளவு மிஞ்சியிருக்கும்? பாதி? முக்கால்?"

"அப்படியெல்லாம் கணக்கு சொல்ல முடியாதும்மா. கட்டி சின்னதா இருந்திருக்கும். சுத்தி வீக்கம் இருந்திருக்காது. இப்ப உயிரைப் பார்ப்போம்."

எதற்கும் ஒரு தொகை உண்டு, கேட்கிற விதமாகக் கேட்டால் எதிராளி சொல்லியே தீருவான் என்று நம்பி வளர்ந்தவள் அவள். இவர் சொல்லவில்லை.

உயிர் பிழைத்தது. ஆறு மணிநேர ஆபரேஷன், பதினாறு நாள் ஆஸ்பத்திரி. ஆவணியில் கொட்டிவாக்கத்து விடுதி திறந்தது. பன்னிரண்டு படமும் சுவரேறின. கடைசிப் படத்தின் முன்னால் நின்று ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வைதேகி மீதிப் பணத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பினாள்.

மாஸ்டர் வீடு திரும்பிய மறுநாள் சுலோச்சனா சாந்தோமுக்குப் போனாள். கட்டிலின் இரண்டு பக்கமும் நாற்காலி கிடந்தது. வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார அவளுக்குக் கால் வரவில்லை. இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழத் தூரம்கூட இல்லை. மொட்டைத் தலையில் தையல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஜோன், முதலாளியம்மா வரேன்னாங்களே, வரலையா?" என்று கேட்டார்.

டீச்சர் வலப்பக்கம் நின்றபடி, கட்டிலுக்கு மேலாக சுலோச்சனாவைப் பார்த்தார். "வரல," என்றார்.

"பாவம், அடுத்த ஆர்டருக்கு அலையறாங்க போல. கேன்வாஸ் அனுப்பச் சொல்லு. அந்தக் கிழவியை இன்னும் ஒரு தடவை சரியாப் போடணும்."

சுலோச்சனா சத்தமில்லாமல் எழுந்தாள். வாசலில் டீச்சரிடம் ஒரு கவரை நீட்டினாள். மூன்றாம் படத்திலிருந்து ஒன்பதாம் படம் வரை வெள்ளைக்காகக் கழித்தது. நாற்பத்தோரு அங்குலம், ஐம்பத்தொன்பதாயிரத்து நாற்பது ரூபாய். என்ன பணம் என்பதை மறைக்காமல் சொன்னாள்.

"கம்மியா வரும்போதெல்லாம் வரி பிடிக்கறாங்கன்னு நெனைச்சேன்," என்றார் ஜோன் டீச்சர். கவரைப் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். "எங்க பணம் வந்துடுச்சு. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க." கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

கடைக்குத் திரும்பி, மத்தியான வெயில் ஷட்டருக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில், சுலோச்சனா நோட்டைப் பிரித்தாள். உபைத் பாய் ஏதோ ஒரு கல்யாண போட்டோவுக்கு பிரேம் அறுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டர் சொல்லாத கணக்கை அவளே எழுதினாள்.

ஜோன் டீச்சர் கேட்ட நாள், ஒன்பதாம் படம், வெள்ளை: பதின்மூன்று அங்குலம்.

மாஸ்டர் விழுந்த நாள், பன்னிரண்டாம் படம், வெள்ளை: இருபத்தொன்பது அங்குலம்.

வித்தியாசம்: பதினாறு அங்குலம்.

தரவேண்டியவர்: சுலோச்சனா. பெறவேண்டியவர்: லூயிஸ் மாஸ்டர். கொடுத்தது: இல்லை. பாக்கி: பதினாறு அங்குலம்.